தேக்காவில் தனியாக ஓர் இரவு

எங்கள் வாட்ஸ்அப் குழுவின் பெயர் ‘பாங்காக் கண்டிப்பா’. சென்ற டிசம்பரில் ஐந்து பேர் சேர்ந்து தொடங்கினோம். பாங்காக் செலவு கூடும் என்றதும் அது பினாங்கு ஆனது. பினாங்கு பிறகு மலாக்கா ஆனது. ஒருத்திக்கு வேலைப் பயிற்சி, ஒருவனுக்குத் தேசிய சேவை, இன்னொருத்திக்கு வீட்டில் அனுமதி இல்லை. ஜூன் விடுமுறை வந்தபோது குழுவில் ஸ்டிக்கர்கள் மட்டுமே ஓடிக்கொண்டிருந்தன.

எனக்கு 19 வயது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பகுதிநேர வேலையில் சேர்த்த பணம் கையில் கொஞ்சம் இருந்தது. நால்வருடைய நேரமும் ஒத்துவரும் நாளுக்குக் காத்திருந்தால் பட்டமளிப்பு விழா வந்துவிடும். ஆகவே தனியாகப் போவதென்று முடிவெடுத்தேன். இரண்டு நாள், ஓர் இரவு. செலவு 100 வெள்ளியைத் தாண்டக் கூடாது. இடம், லிட்டில் இந்தியா.

“வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போகிற இடத்துக்குப் பெயர் பயணமா?” என்று நண்பர்கள் சிரித்தார்கள். நியாயமான கேள்விதான். நாங்கள் இருப்பது புக்கிட் பாஞ்சாங்கில். டௌன்டவுன் ரயில் பாதையில் ஏறினால் மாறாமல் லிட்டில் இந்தியாவில் இறங்கலாம். சிங்கப்பூரே கிழக்கிலிருந்து மேற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். ஆனால் எத்தனை கிலோமீட்டர் போகிறோம் என்பதை வைத்து மட்டும் பயணத்தை அளக்க முடியுமா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. பிறந்தது முதல் தேக்காவுக்கு நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஒருமுறைகூடத் தனியாகப் போனதில்லை.

வீட்டில் பேச்சை எடுத்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, “வீடு இருக்கும்போது விடுதி எதுக்கு?” இரண்டாவது கேள்வி, “யார் கூட?” யாருமில்லை என்றதும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். என் அண்ணன் 18 வயதில் தேசிய சேவைக்குப் போனான். பிறகு நண்பர்களுடன் வியட்னாமுக்கும் போய்வந்தான். அவனிடம் அம்மா கேட்டதெல்லாம், “பணம் போதுமா?” என்பது மட்டும்தான். நான் தேக்காவுக்குப் போக இரண்டு வாரம் பேச வேண்டியிருந்தது. இதைப் படிக்கும் தங்கைகள் பலருக்கு இந்த இரண்டு வாரம் எப்படி இருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

கடைசியில் பேச்சை முடித்துவைத்தவர் பாட்டி. “இவ தாத்தா பதினேழு வயசுல தனியா கப்பல் ஏறுனாரு. இவ தேக்காவுக்குப் போறதுக்கா இவ்வளவு யோசனை?” என்றார். அம்மாவால் மறுத்துப் பேச முடியவில்லை. நிபந்தனைகள் மட்டும் வந்தன. பெண்களுக்கு மட்டுமான அறை, கைப்பேசியில் இருப்பிடம் தெரிய வேண்டும், இரவு ஒன்பதுக்கு அழைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சரி சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை லிட்டில் இந்தியாவில் இறங்கி நிலையத்தைவிட்டு வெளியே வந்தபோது, ஒரு விநோதம் நடந்தது. எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. வழி தெரியாமல் இல்லை. அம்மாவுடன் வரும்போது பாதை எப்போதும் ஒன்றுதான். தேக்கா ஈரச்சந்தையில் ஆட்டிறைச்சி, பஃபலோ ரோட்டில் பூவும் வாழையிலையும், வீரமாகாளியம்மன் கோயில், முஸ்தஃபா, பிறகு வீடு. எங்கள் குடும்பத்துக்கு லிட்டில் இந்தியா என்றால் நாலு கடை, ஒரு கோயில். நான் அவ்வளவு காலமும் பார்த்தது பெரும்பாலும் அம்மாவின் முதுகைத்தான். அந்த முதுகு இல்லாதபோது இடது பக்கமா வலது பக்கமா என்பதைக்கூட நானே முடிவுசெய்ய வேண்டியிருந்தது.

பசித்ததால் முதலில் தேக்கா நிலையத்துக்குள் போனேன். தனிப் பயணத்தின் முதல் சோதனை அங்கேதான் காத்திருந்தது. ஞாயிறு காலை நெரிசலில் மேசை பிடிப்பது எப்படி? குடும்பமாக வந்தால் ஒருவர் உட்கார, மற்றவர் வாங்கிவருவார். தனியாக வந்தவருக்கு மேசைக்குக் காவல் மெல்லிழைத்தாள் பொட்டலம்தான். பையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்துவிட்டுத் தோசைக்கு வரிசையில் நின்றேன். திரும்பி வந்தபோது அதே மேசையில் ஒரு மலாய்ப் பாட்டியும் பேரனும் உட்கார்ந்திருந்தார்கள். பொட்டலத்தைப் பத்திரமாக ஓரத்தில் நகர்த்தி வைத்திருந்தார் பாட்டி. மூவரும் ஒன்றாகச் சாப்பிட்டோம்.

சாப்பிடத் தொடங்கிய முதல் ஐந்து நிமிடம் எல்லாரும் என்னையே பார்ப்பதாகத் தோன்றியது. கை தானாகவே கைப்பேசியைத் தேடியது. பிறகு சுற்றிப் பார்த்தேன். ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. அவரவருக்கு அவரவர் பிரியாணி. தனியாகச் சாப்பிடப் பழகுவது ஒரு சின்ன விஷயம்தான். ஆனால் அது பழகாததால் பசியோடு வீடு திரும்பும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள்.

அதன்பின் தெருப்பெயர்களைப் படித்துக்கொண்டு நடந்தேன். யாருடனாவது வந்தால் பேச்சில் தெருப்பெயர் கண்ணில் படாது. கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. அதற்கு அடுத்ததே பஃபலோ ரோடு. சற்றுத் தள்ளி லெம்பு ரோடு, அதாவது மாட்டுச் சாலை. பெலிலியோஸ் ரோடு என்று ஒன்று இருக்கிறது. கல்கத்தாவிலிருந்து வந்து இங்கே மாட்டு வணிகம் செய்த யூதர் ஒருவரின் குடும்பப் பெயர் அது. இந்தப் பகுதியில் புல்லும் தண்ணீரும் தாராளமாகக் கிடைத்ததால் மாட்டுத்தொழில் வளர்ந்தது, அந்தத் தொழிலோடு இந்தியர்கள் வந்து குடியேறினார்கள். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் குதிரைப் பந்தயம் 1840களிலேயே நடந்திருக்கிறது. கோயிலும் கடைகளும் வருவதற்கு முன்னால் இது மாடுகளும் குதிரைகளும் திரிந்த இடம். தேக்கா என்ற பெயரே தமிழல்ல. மூங்கிலைக் குறிக்கும் ஹொக்கியன் சொல்லிலிருந்து வந்தது. ‘நம்ம தேக்கா’ என்று உரிமையோடு சொல்லும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

டன்லப் ஸ்திரீட்டில் உள்ள அப்துல் கஃபூர் பள்ளிவாசலின் முகப்பில் சூரியனைப்போல் ஒரு வடிவம் உண்டு. அதன் 25 கதிர்களிலும் 25 நபிமார்களின் பெயர்கள் அரபு எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அந்தத் தெருவின் நடைபாதையில் பலமுறை போயிருக்கிறேன். தலையைத் தூக்கிப் பார்த்தது அன்றுதான். கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தில் இரண்டு மணி நேரம் இருந்தேன். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணம் இல்லை. உயர்நிலை ஒன்றில் பள்ளிச் சுற்றுலாவாக வந்தபோது பயிற்சித்தாளை நிரப்பும் அவசரத்தில் ஓடினோம். இம்முறை ஒரு செட்டிநாட்டு வாசற்கதவின் முன்னால் மட்டும் கால்மணி நேரம் நின்றேன். யாரும் “போலாமா?” என்று கேட்கவில்லை. தனியாகப் போவதில் எனக்கு ஆகப் பிடித்தது அதுதான்.

மாலையில் கெர்பாவ் ரோட்டில் உள்ள டான் டெங் நியா இல்லத்துக்குப் போனேன். வண்ண வண்ணச் சன்னல்களோடு எல்லாருடைய இன்ஸ்டகிராமிலும் இருக்கும் அதே வீடுதான். மிட்டாய்த் தொழில் நடத்திய சீன வணிகர் ஒருவர் 1900இல் கட்டியது. லிட்டில் இந்தியாவில் எஞ்சியிருக்கும் கடைசிச் சீன மாளிகை அது.

தனியாக வந்தவருக்குப் படம் எடுப்பது இன்னொரு சோதனை. யாரிடம் கேட்பது என்று தயங்கிக்கொண்டிருந்தபோது என்னிடமே ஒருவர் வந்தார். “அக்கா, ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?” என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராகத்தான் இருப்பார். சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. எடுத்துக் கொடுத்தேன். பின்னால் வீடு முழுவதும் தெரியவேண்டும் என்று மூன்று முறை எடுக்கச் சொன்னார். அம்மாவுக்கு அனுப்ப வேண்டுமாம்.

எந்த ஊர் என்று கேட்டேன். சிவகங்கைப் பக்கம் என்றார். துவாஸில் கட்டுமான வேலை, வந்து ஐந்து மாதம். இந்தப் பக்கம் வருவது அன்று இரண்டாவது முறை. “மொத வாட்டி கூட்டாளிங்களோட வந்தேன். இன்னிக்கு நானே ரூட்டு பாத்து வந்துட்டேன்” என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமை எனக்குப் புரிந்தது. காலையில் ரயில் நிலைய வாசலில் எனக்கும் ஏறத்தாழ அதேதான். “ஊரவிட்டு இதுக்கு முன்னாடி எங்கயும் போனதில்லக்கா. மொத பயணமே ஏரோப்ளேன்தான்” என்று சிரித்தார். திரும்பிப் போவது எப்போது என்று கேட்டதற்கு, “கடன் முடியணும்ல” என்றார்.

அதற்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. என்னையும் ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னேன். அவரும் அக்கறையாக மூன்று முறை எடுத்தார். நன்றி சொல்லிப் பிரிந்தோம். ஞாயிறு மாலை தேக்காவைச் சுற்றி ஆயிரக்கணக்கில் கூடும் வெளிநாட்டு ஊழியர்களை ‘கூட்டம்’ என்றே நம் வீடுகளில் சொல்லிப் பழகியிருக்கிறோம். “ஞாயித்துக்கெழம வேணாம், கூட்டமா இருக்கும்” என்று. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு என் வயதுதான் இருக்கும். சிங்கப்பூரில் வேலை அனுமதிச் சீட்டுக்குக் குறைந்தபட்ச வயது 18. அவர்களுடைய முதல் தனிப் பயணத்துக்குத் திரும்பும் தேதி கிடையாது.

விடுதியில் எட்டுப் படுக்கை கொண்ட பெண்கள் அறை. ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு திரை, ஒரு விளக்கு, பூட்டோடு ஒரு பெட்டி. கட்டணம் 38 வெள்ளி. எதிர்ப் படுக்கையில் அறுபது வயதைத் தாண்டிய ஜப்பானிய மாது ஒருவர் இருந்தார். எந்த நாடு என்று கேட்டார். சிங்கப்பூர் என்றேன். அவர் தம் கேள்விதான் எனக்குப் புரியவில்லை என்று நினைத்து மறுபடி கேட்டார். இருவரும் சிரித்தோம். பிறகு கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி இது என்ன கட்டடம் என்றார். அப்துல் கஃபூர் பள்ளிவாசல். காலையில் வந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது. 25 கதிர்களைப் பற்றிச் சொன்னேன், அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

ஒன்பதுக்கு அம்மாவை அழைத்தேன். அன்றைக்கு அது ஏழாவது அழைப்பு. மற்ற ஆறும் அவர் அழைத்தவை. இரவு நன்றாகத் தூங்கினேன் என்று எழுத ஆசைதான். பழகாத படுக்கை, பக்கத்துக் குறட்டை, தெருவில் பேச்சுச் சத்தம். ஒரு மணிவரை விழித்துக்கொண்டிருந்தேன். பயமா என்றால் இல்லை. வீட்டில் யாருமே இல்லாத இரவு எப்படி இருக்கும் என்று முதன்முறையாகத் தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

மறுநாளுக்கு நான் தேர்ந்தெடுத்த இடம் செயின்ட் ஜான்ஸ் தீவு. காரணம் தாத்தா. பாட்டி சொன்ன அந்தக் கப்பலின் பெயர் ரஜூலா. 1926இல் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம்வரை ஓடியது. நம் குடும்பங்களில் பலவற்றின் கதை அந்தக் கப்பலின் திறந்த தளத்தில்தான் தொடங்குகிறது. உங்கள் வீட்டு மூத்தோரிடம் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். 1951இல் தாத்தா வந்து சேர்ந்தபோது நேரே நகருக்குள் விடவில்லை. டெக் பயணிகள் பலரையும்போல் அவரையும் செயின்ட் ஜான்ஸில் இறக்கிவிட்டார்கள். அம்மை, காலரா போன்ற நோய்கள் பரவாமலிருக்க 1874 முதல் அங்கே தனிமைப்படுத்தும் நிலையம் இருந்தது. கொவிட் காலத்தில் நாம் கேட்டுச் சலித்த அந்தச் சொல்லை நம் தாத்தாக்கள் அப்போதே அனுபவித்துவிட்டார்கள்.

லிட்டில் இந்தியாவிலிருந்து வடக்கு கிழக்குப் பாதையில் டோபி காட் ஒரே நிறுத்தம். அங்கே வடக்கு தெற்குப் பாதைக்கு மாறி, கடைசி நிலையமான மரினா சவுத் பியரில் இறங்கினால் படகுத்துறை எதிரே இருக்கிறது. வாரநாள் என்பதால் படகில் கூட்டம் இல்லை. மீன்பிடிக் கம்புகளோடு நான்கு பேர், ஒரு வெளிநாட்டுத் தம்பதி, நான். உணவும் தண்ணீரும் நாமே கொண்டுபோக வேண்டும். காலையில் தேக்காவில் வாங்கிய இரண்டு வடையும் ஒரு பொட்டலம் எலுமிச்சைச் சாதமும் பையில் இருந்தன.

தீவு அமைதியாக இருந்தது. பூனைகள் மனிதர்களைவிட அதிகம். 1819 ஜனவரியில் ராஃபிள்ஸின் கப்பல்கள் சிங்கப்பூரில் இறங்குமுன் நங்கூரமிட்டது இந்தத் தீவுக்கு அருகில்தான். பிற்காலத்தில் நாட்டின் அதிபரான தேவன் நாயரை 1951இல் பிரிட்டிஷ் அரசு தடுத்துவைத்ததும் இங்கேதான். தாத்தா வந்த அதே ஆண்டு. வரலாற்றுப் பாடத்தில் வருகிறவர்களும் வராதவர்களும் ஒரே மண்ணில் நடந்திருக்கிறார்கள்.

கடலோரம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எதிரே சிங்கப்பூர். வானளாவிய கட்டடங்களும், வரிசையாக நிற்கும் சரக்குக் கப்பல்களும் தெரிந்தன. தாத்தாவை நான் பார்த்ததில்லை. அவர் அந்த நாள்களைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்வாராம். “ராத்திரி ஊரு வெளிச்சம் கண்ணுக்குத் தெரியுது, கால் வைக்க முடியல.” பாட்டி அதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அதைக் கதை என்றுதான் கேட்டிருந்தேன். அங்கே உட்கார்ந்தபோதுதான் எவ்வளவு அருகில் என்று தெரிந்தது. பதினேழு வயதில், கையில் கைப்பேசி இல்லாமல், பேச யாரும் இல்லாமல், இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு அவர் என்ன நினைத்திருப்பார்? திரும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்திருக்கலாம்.

அப்படி இளவயதில் இந்தியாவிலிருந்து வந்து இறங்கியவர்கள் எத்தனையோ பேர். தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி 1903இல் திருவாரூரில் பிறந்தவர். 1924இல் சிங்கப்பூர் வந்தபோது அவருக்கு வயது இருபதுதான் இருக்கும். ஒரு கடையில் கணக்கராக வேலை பார்த்தார். இதழ் தொடங்கியது 1935இல். நம் வயதில் ‘தனியாகவா?’ என்ற கேள்வியை இந்தச் சமூகம் ஒருகாலத்தில் கேட்கவே இல்லை. கேட்க வசதி இருக்கவில்லை. இன்று அம்மா கேட்கிறார் என்றால், அந்தக் கேள்வி நமக்குக் கிடைத்த வசதிதான் என்று எனக்குத் தோன்றியது. எரிச்சல் குறைந்தது. முழுவதும் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணனிடம் கேட்காததை என்னிடம் ஏன் கேட்டார் என்பது இன்னும் பாக்கி இருக்கிறது.

செய்துபார்க்க நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். எனக்கு ஆன மொத்தச் செலவு 90 வெள்ளிக்கும் சற்றுக் குறைவு. சில விடுதிகள் உள்ளூர்வாசிகளை ஏற்பதில்லை, வயது வரம்பும் இடத்துக்கு இடம் மாறும், பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு விடுதி தேவையே இல்லை. ஒரு முழு நாள், ஒரு பயண அட்டை, உங்கள் வீட்டில் யாரும் உங்களை அழைத்துப்போகாத ஒரு தெரு போதும். மரபுடைமை நிலையம் திங்கட்கிழமை மூடியிருக்கும். தீவுக்குப் போவதென்றால் திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைப் போகும்போதே எழுதிக்கொள்ளுங்கள், வாரநாள்களில் படகுகள் குறைவு. எங்கே போகிறீர்கள் என்பது ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். கைப்பேசிக்குக் கூடுதல் மின்கலம் எடுத்துக்கொள்ளுங்கள், அம்மாக்கள் அழைத்தால் மின்னூட்டம் சீக்கிரம் தீரும்.

திங்கட்கிழமை எனக்கு வந்த அழைப்புகள் இரண்டே இரண்டு. வீட்டுக்குப் போனதும் பாட்டி தீவின் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். அம்மா அடுப்படியில் வேலையாக இருப்பதுபோல் இருந்தார். பாட்டி தூங்கப் போனபிறகு என்னிடம் வந்து, அந்தப் படகுக்கு முன்கூட்டியே சீட்டு வாங்க வேண்டுமா, அங்கே போய் வாங்கினால் போதுமா என்று கேட்டார். நாம் எல்லாரும் எப்போது போகலாம் என்றேன்.

“எல்லாரும் இல்ல” என்றார். “அடுத்த மாசம் எனக்கு ஒரு நாள் லீவு மிச்சம் இருக்கு.”